அன்னை ரமாபாய் அம்மையாரின் இல்லறமும் நம்பிக்கையும்



பெரியோர்தம் வரலாற்றைப் படிக்குங்கால் அவர்கள் மேடையேறி முழங்கிய நாட்களையே நாம் பெரிதும் படிக்கின்றோம். அம்மேடைக்குப் பின்னால் ஒரு வீடு இருந்தது. அவ்வீட்டில் அடுப்பெரிந்தது. அடுப்பருகே தவழ்ந்து வரும் மகவை ஒரு கையால் விலக்கிக்கொண்டே மறு கையால் ரொட்டி தட்டிய தாய் ஒருத்தி இருந்தாள். அவளது வரலாற்றை எழுதுவார் மிகச் சிலரே.

சித்தூரிலும் திருப்பதியிலும் வாழும் நம்மவர் இல்லங்களுக்கு அறவுரை கூறச் செல்லும்போது, ஆடவர் நம்மைக் கேட்பன வேறு, பெண்டிர் கேட்பன வேறு. நிப்பாணம் யாது, மறுபிறப்பு உண்டா இல்லையா என்பன ஆடவர் கேள்விகள். இளந்தாய்மாரோ இடுப்பிலிருக்கும் குழந்தையைக் காட்டிக் கேட்பர். முதல் முடியைத் திருமலையில் இறக்குவதாக மாமியார் நேர்ந்துகொண்டிருக்கின்றார், கணவரோ கூடவே கூடாதென்கின்றார், இருவருக்குமிடையே நாங்கள் யாது செய்வது என்பர். குழந்தைக்குக் காய்ச்சல் கண்ட இரவில் எவரை நினைத்து விளக்கேற்றுவது என்பர். இக்கேள்விகளைச் சிறியனவென்று ஒதுக்குவோர் இல்லறத்தை அறியாதோரே. இவற்றிற்கு விடை தேடுவோர் அண்ணல் அம்பேத்கரின் துணைவியார் அன்னை ரமாபாய் அம்மையாரின் வாழ்க்கையைப் பார்த்தல் நலம். அதனை இங்கே சுருங்க உரைக்கின்றோம்.

முதற்கண் ஓர் உண்மையைச் சொல்லிவிடுகின்றோம். அம்மையார் திரிசரணம் ஏற்றவரல்லர். நாகபுரியில் 1956 அக்டோபர் 14ஆம் நாள் இலட்சக்கணக்கானோர் பௌத்தம் தழுவியபோது அவர் மறைந்து 21 ஆண்டுகள் கழிந்திருந்தன. அவர் வாழ்ந்ததும் மறைந்ததும் பழைய நம்பிக்கையிலேயே. இதனை மறைத்து அவரைப் பௌத்தப் பெண்மணியாகத் தீட்டிக் காட்டுவது வாய்மைக்கு அடுத்ததன்று. உண்மையை உள்ளவாறே நோக்கினால்தான் அவர் வாழ்வு நமக்குப் பாடமாகும்.

பிறப்பும் மணமும்

கொங்கணக் கரையில் இரத்தினகிரி மாவட்டத்திலே, தாபோலிக்கு அண்மையில் வணந்த் என்னும் சிற்றூர் உள்ளது. அவ்வூரில் 1898 பிப்ரவரி 7ஆம் நாள் ரமாபாய் பிறந்தார். தந்தையார் பிக்கு தாத்ரே, தாயார் ருக்மிணி. தாபோல் துறையில் படகுகள் கொணரும் மீன் கூடைகளைத் தலையில் சுமந்து கரை சேர்ப்பது தந்தையாரின் தொழில். சுமை தூக்கிய நாளில் அடுப்பெரியும். தூக்காத நாளில் எரியாது. தாய் முன்னே மறைந்தார். தந்தையும் பின்னே மறைந்தார். பெற்றோரை இழந்த பிள்ளைகளைச் சிற்றப்பனும் மாமனும் பம்பாய்க்கு அழைத்துச் சென்று பைகுல்லாவில் வைத்து வளர்த்தனர்.

சுபேதார் ராம்ஜி சக்பால் தம் கடைசி மகன் பீமராவுக்குப் பெண் தேடிய காலமது. 1906ஆம் ஆண்டளவில் மணம் முடிந்தது. மணமகளுக்கு ஏறத்தாழ ஒன்பது வயது, மணமகனுக்கு ஏறத்தாழப் பதினைந்து வயது. அந்நாளைய வழக்கம் அதுவே. மணம் நடந்த இடமோ பைகுல்லாவின் சந்தை. பகல் வாணிகம் முடிந்து கடைகள் ஓய்ந்த பின், இரவிலே, கூரையடியில் ஒரு மூலையில் பெண் வீட்டாரும் மற்றொரு மூலையில் பிள்ளை வீட்டாரும் கூடினர். கல் மேடைகளே விருந்தினர்க்கு இருக்கைகள். காலடியிலே அழுக்கு நீர் ஓடியது. பொழுது விடியுமுன் சந்தையை ஒழித்துக் கொடுத்தாக வேண்டும். சட்டம் வகுத்த மேதையின் திருமணம் இவ்வாறுதான் நடந்தேறியது. மண்டபத்துக்கு வாடகை கொடுக்க இயலாமல் வீட்டு வாயிலில் பந்தலிட்டு மணம் முடித்த நம் தோழர்கள் இதனை எண்ணித் தலை நிமிரலாம்.

பரேலில் ஒரு தாய்

பம்பாயின் பரேல் பகுதி ஆலைத் தொழிலாளர் குடியிருந்த பகுதி. அங்கே நகர மேம்பாட்டு டிரஸ்ட் கட்டிய, சால் என வழங்கும் தொகுப்புக் குடியிருப்பில், இரண்டாம் மாடியில், 50, 51 என எண்ணிட்ட இரண்டு அறைகளே அக்குடும்பத்தின் வீடு. நாமும் பல்லாண்டு ஆலையில் தறியோட்டி, அத்தகைய வரிசை வீடுகளில் குடியிருந்தவராதலால், அவ்வாழ்வை விரித்துரைக்க நமக்கு ஏடு வேண்டுவதில்லை. சங்கொலி கேட்டு எழுதல், பொதுக் குழாயிலே தண்ணீருக்குக் காத்திருத்தல், புகை போக வழியற்ற அறையிலே சமைத்தல், நடை பழகும் குழந்தை படிக்கட்டுப் பக்கம் போய்விடாது ஓயாமல் காத்தல் ஆகிய இவையே அவ்வீடுகளில் வாழும் தாயின் ஒரு நாள்.

1912 டிசம்பர் 12ஆம் நாள் மகன் யஷ்வந்த் பிறந்தான். பிள்ளைக்கு இரண்டு மாதம் நிரம்புவதற்குள், 1913 பிப்ரவரி 2ஆம் நாள், குடும்பத்தின் தூணாயிருந்த மாமனார் ராம்ஜி காலமானார். அவ்வாண்டு ஜூலை மாதத்திலே பரோடா மன்னரின் உதவித்தொகை பெற்றுப் பீமராவ் அமெரிக்கா சென்றார். திங்களுக்குப் பதினொன்றரைப் பவுன் என்பது அத்தொகை. அவர் மீண்டது 1917 ஆகஸ்டில். யஷ்வந்த் தவழ்ந்ததும், எழுந்து நின்றதும், முதற்சொல் பேசியதும் தந்தை காணாதவை. மழலை பேசும் பருவம் முழுவதும் அப்பிள்ளைக்குத் தாயே தந்தையுமாயிருந்தார். அந்நாளில் அம்மையாருக்கு வயது பதினைந்திலிருந்து பத்தொன்பது. நம் வீட்டில் அவ்வயதுப் பெண்ணை இன்னும் பிள்ளையென்றே அழைக்கின்றோம்!

ஓரகத்தி இலட்சுமிபாயும் அவர் மகன் முகுந்தனும் உடன் வாழ்ந்தனர். இருப்பதைப் பகிர்ந்துண்ணும் கூட்டுக் குடும்பம் அது. அம்மையார் சாணம் பொறுக்கி வந்து வறட்டி தட்டி வீட்டுச் செலவை ஈடுகட்டினார் என்று சொல்லுவர். படிக்கச் சென்றவருக்குத் தம் துயர் தெரியாதிருக்க வேண்டுமென்பதில் அவர் கருத்தாயிருந்தார் என்றும் சொல்லுவர்.

1918 நவம்பரில் பீமராவ் சிடன்ஹாம் கல்லூரிப் பேராசிரியரானார். மாதச் சம்பளம் ரூ. 450. இனித் துன்பம் தீர்ந்ததென்று அண்டை அயலார் எண்ணியிருப்பர். தீரவில்லை. விட்ட படிப்பைத் தொடர இலண்டன் செல்ல வேண்டுமென்று அவர் பணத்தைச் சேமித்தார். வரையறுத்த ஒரு தொகையே வீட்டுக்கு வந்தது. 1920 ஜூலையில் மீண்டும் கடல் கடந்தார். 1923 ஏப்ரலிலே திரும்பினார். இருமுறைப் பிரிவையும் கூட்டினால் ஏறத்தாழ ஏழாண்டு. அண்ணல் பெற்ற பட்டங்களைப் போற்றும் நாம், அவை ஒவ்வொன்றுக்கும் பரேலிலிருந்து விலை கொடுத்தவர் எவரென்பதையும் அறிதல் வேண்டும்.

இழந்த நான்கு

யஷ்வந்தைத் தவிர அம்மையார் பெற்ற மக்கள் நால்வர்: கங்காதரன், ரமேஷ், இந்து என்னும் பெண் மகவு, ராஜரத்தினம். நால்வரும் குழந்தைப் பருவத்திலேயே இறந்தனர். கங்காதரன் இறந்தபோது உடலை மூடத் துணி வாங்கவும் காசில்லாமல், அன்னை தாம் உடுத்திய சேலையிலிருந்து ஒரு துண்டைக் கிழித்துக் கொடுத்தார் என்பது நம்மவரிடையே வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. கடைசி மகன் ராஜரத்தினம் 1926 ஜூலையில் மறைந்தான். அப்பிள்ளையிடம் தந்தை வைத்திருந்த பாசம் அளவற்றது. எட்டுத் திங்கள் கழித்து, 1927 மார்ச் 20ஆம் நாள், அதே தந்தை மகாடு நகரத்துச் சவுதார் குளத்தில் இறங்கி நீரள்ளினார். ஊரார் பிள்ளைகளெல்லாம் குடிக்கும் நீரை நம் பிள்ளைகளும் குடிக்க வேண்டுமென்ற அப்போரின் பின்னே, பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு வீடு இருந்ததை நாம் மறத்தலாகாது.

இவ்விடத்தில் கிசா கோதமியின் கதை தாய்மார்களுக்கு நினைவு வரும். இறந்த மகவைத் தோளிலிட்டு மருந்து கேட்டலைந்தவளைச் சாவில்லாத வீட்டிலிருந்து கடுகு வாங்கி வரும்படி பகவன் அனுப்பினார். வீடு வீடாகச் சென்றவள் தன் துயரம் எல்லார்க்கும் உரியதென உணர்ந்தாள். ரமாபாய் அம்மையார் கடுகுக்கு வேற்று வீடு செல்ல வேண்டியதில்லை. தம் வீட்டிலேயே நான்கு முறை அப்பாடத்தைக் கற்றார்.

ஆயினும் ஒன்று. குழந்தை இறந்த வீட்டில் சென்று, இது முற்பிறப்பில் தாய் செய்த வினையென்று சொல்லுவோர் உளர். அவ்வாறு சொல்லுதல் கொடுமை. முற்பிறப்பு வினையால் இப்பிறப்புத் துன்பமென்னும் கோட்பாட்டை அண்ணல் தம் 'புத்தரும் அவர் தம்மமும்' என்னும் நூலில் மறுத்திருக்கின்றார். வறுமைக்கும் நெரிசலுக்கும் மருத்துவமின்மைக்கும் பலியான பிள்ளைகள் அக்காலத்தில் எண்ணிலர். காரணம் இவ்வுலகத்திலேயே இருந்ததாதலால், காக்கும் வழியும் இவ்வுலகத்திலேயே உண்டு.

அம்மையாரின் நம்பிக்கை

இத்தனை இழந்த தாய் எதனைப் பற்றிக்கொண்டு நின்றார்? கடவுளைப் பற்றிக்கொண்டு நின்றார். சனிக்கிழமைகளில் கடும் விரதமிருந்து, கணவருக்குத் தீங்கு வாராதிருக்க வேண்டிக்கொள்ளுவார். பண்டரிபுரம் சென்று விட்டலனைக் கண்ணாரக் காண வேண்டுமென்பது அவரது நெடுநாள் ஆசை. மராட்டிய நாட்டு ஏழை எளியோர் பலர் கால்நடையாகவே செல்லும் தலம் அது. ஆனால் மகார் குலத்தார் உள்ளே செல்லலாகாது. அக்குலத்தில் தோன்றிய பக்தரான சோகாமேளரின் சமாதியும் கோயிற் படிக்கு வெளியேதான் உள்ளது. பாடிய பக்தருக்கே படிக்கு அப்பால் இடமெனின், மீன் கூடை சுமந்தவரின் மகளுக்கு எங்கே இடம்?

அம்மையார் தம் ஆசையைக் கணவரிடம் சொன்னார். அண்ணல் அவரை எள்ளவில்லை. பக்தரை அண்ட விடாது வெளியே நிறுத்தும் பண்டரிபுரம் நமக்கெதற்கு, தாழ்த்தப்பட்ட மக்களுக்குச் செய்யும் தொண்டினாலும் தூய வாழ்வினாலும் நாமே வேறொரு பண்டரிபுரம் ஆக்குவோம் என்னும் கருத்துப்பட விடை சொன்னாரென்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுகின்றனர். பண்டரிபுரக் கோயில் நம்மவர்க்குத் திறந்தது 1947ஆம் ஆண்டு மே மாதத்தில், சானே குருஜி உண்ணாநோன்பிருந்த பின்னரே. அம்மையார் அப்போது உயிரோடில்லை.

திருமலையை நோக்கிய கண்கள்

சித்தூர்ச் சீமையிலுள்ள நமக்கு இவ்விடம் மிகவும் தெரிந்த இடம். நம் பாட்டிமார் ஏழுமலையை எட்ட நின்று கும்பிட்டவர்கள். அன்று சித்தூர் மாவட்டம் சென்னை மாகாணத்தைச் சார்ந்திருந்தது. அம்மாகாணத்தில் கோயில் நுழைவு அனுமதிச் சட்டம் முழுமையாக வந்ததும் அதே 1947ஆம் ஆண்டில்தான். அதன்பின் மலையேறி, மற்றவரோடு ஒரே வரிசையில் நின்று, கல்யாணக்கட்டாவிலே பிள்ளைக்கு முடியிறக்கிய மூதாட்டிக்கு அஃது ஒரு வேண்டுதல் மாத்திரமா? பிறர் தடுத்து வைத்ததைத் தன் காலால் நடந்து சென்று பெற்ற வெற்றியுமாகும். அந்தப் பழக்கத்தையே அவள் தன் மகளுக்கும் மருமகளுக்கும் விட்டுச் சென்றாள்.

ஆதலின், மாமியார் திருமலை என்றவுடன் சீறியெழுந்து சுவரிலுள்ள படத்தைக் கழற்றி எறியும் தம்பிமார்க்கு நாம் சொல்லுவதாவது: அண்ணல் தம் இல்லத்தில் அவ்வாறு செய்தாரில்லை. அவரது விடை வேறொரு பண்டரிபுரத்தை ஆக்குவதாயிருந்தது. உங்கள் வீட்டுப் பெண்களுக்கு நீங்கள் ஆக்கிக் காட்டிய பண்டரிபுரம் யாது? குடியை விட்டீர்களா? கூலியை வீட்டில் கொடுக்கின்றீர்களா? பிள்ளை அழுதால் எடுக்கின்றீர்களா? இவற்றைச் செய்யாமல் பஞ்சசீலத்தை மனைவிக்கு உபதேசித்தல் வித்தில்லாமல் விளைவை எதிர்பார்த்தலே யாகும்.

அன்னையின் தானம்

அண்ணலின் தொண்டர் வராளே நடத்திய தார்வார் மாணவர் விடுதிக்கு அம்மையார் ஒருமுறை சென்று தங்கினார். விளையாட வரும் பிள்ளைகள் சில நாட்களாக வரவில்லை. விசாரித்தார். அரசு உதவித்தொகை வந்து சேரவில்லை, தானியம் தீர்ந்துவிட்டது, பிள்ளைகள் பட்டினி என்று தெரிந்தது. உடனே கைவளையலையும் தம்மிடமிருந்த நகையையும் கழற்றிக் கொடுத்து அரிசி வாங்கச் செய்தாரென்றும், அன்று முதல் அப்பிள்ளைகள் அவரை ரமாயி, அதாவது ரமா அம்மா, என்றழைத்தனரென்றும் நம்மவர் சொல்லி வருகின்றனர். தம் பிள்ளைகள் நால்வருக்குக் கொடுக்க இயலாத சோற்றை அவர் எவர் பெற்ற பிள்ளைகளுக்கோ கொடுத்தார்.

பாரமிதைகளுள் முதலாவது தானம். பொறுமையும் ஒரு பாரமிதை. மைத்திரியும் ஒரு பாரமிதை. இச்சொற்களை அம்மையார் கேட்டறியார். சொல்லை அறியாதவரிடத்தில் பொருள் நிறைந்திருந்தது. சொல்லை அறிந்த நம்மிடத்தில் பொருள் உள்ளதா என்று நாமே நம்மைக் கேட்டுக்கொள்ளுதல் வேண்டும்.

மறைவும் பின்னும்

தாதரில் அண்ணல் கட்டிய புதிய இல்லத்திற்கு 1934ஆம் ஆண்டளவில் குடும்பம் பெயர்ந்தது. அவ்வில்லத்தின் பெயர் ராஜகிருகம். பகவன் பன்முறை தங்கியிருந்த மகத நாட்டுத் தலைநகரின் பெயர் அது. அவ்வீட்டில் அம்மையார் நெடுநாள் வாழக் கொடுத்து வைக்கவில்லை. நீண்ட நோய்க்குப் பின் 1935 மே 27ஆம் நாள் மறைந்தார். வயது 37. அண்ணல் தலையை மழித்துத் துறவி போலச் சில காலம் ஒடுங்கியிருந்தார். ஐந்து திங்கள் நிறையுமுன், அக்டோபர் 13ஆம் நாள், இயோலா மாநாட்டில், இந்துவாகப் பிறந்தும் இந்துவாக இறப்பதில்லையென்னும் தம் முடிவை வெளியிட்டார். பின்னர்ப் பாக்கிஸ்தானைப் பற்றி எழுதிய நூலை ரமுவின் நினைவுக்கே உரிமையாக்கி, நண்பரற்ற வறுமை நாட்களில் தம்மோடு துன்புற்ற அவரது நல்லுள்ளத்தைப் போற்றினார். ரமு என்பது அவர் மனைவியை அழைத்த செல்லப்பெயர். பரேலின் அறையில் தந்தையின்றி நடை பழகிய யஷ்வந்த், அண்ணலுக்குப் பின் இந்தியப் பௌத்த மகாசபையின் தலைவராகி, 1977இல் மறையும்வரை தம்மப் பணி ஆற்றினார். அன்னை காணாத நெறியில் அன்னை வளர்த்த பிள்ளை நடந்தது.

தாய்மார்களுக்கு

இனி, இளந்தாய்மார்கள் கேட்ட கேள்விக்கு வருவோம். குழந்தைக்கு முடியிறக்குவது முடி வளர்ந்ததற்காக. அதனை வீட்டு வாயிலிலும் செய்யலாம். அதற்காகக் கடன் வாங்கலாகாது. ஆனால் மூதாட்டி ஒருத்தி அழுதுகொண்டிருக்கையில் அவள் எதிரே வாதம் செய்து வெல்வது வெற்றியன்று. உங்கள் கருத்தை அன்போடு சொல்லுங்கள், பொறுமையோடு காத்திருங்கள். அவள் எட்ட நின்ற நாட்களின் கதையைக் கேட்டு, வளர்ந்தபின் குழந்தைக்குச் சொல்லுங்கள்.

காய்ச்சல் கண்ட இரவில் விளக்கேற்றுவது உங்கள் மனம் அமைதி பெற. குழந்தை நலம் பெறுவது மருத்துவத்தால். திருப்பதியில் கங்கம்மா ஜாத்திரையை ஆண்டுதோறும் எடுக்கும் ஊராரும் முன்னாளில் அம்மை நோய்க்கு அஞ்சி நடுங்கியவர்களே. அப்பெரியம்மை உலகிலிருந்தே ஒழிந்ததென்று 1980இல் அறிவிக்கப்பட்டது, ஒழித்தது தடுப்பூசி. நம் நாட்டில் போலியோ ஒழிந்ததென்று 2014இல் சான்று கிடைத்தது. ஒழித்தது சொட்டு மருந்து. ஒன்பது மாதம் நிறைந்தவுடன் தட்டம்மைத் தடுப்பூசியையும், பதினாறு மாதத்துக்கும் இருபத்துநான்கு மாதத்துக்கும் இடையே அதன் இரண்டாம் ஊசியையும் தவறாது போடுவியுங்கள். அரசு சுகாதார நிலையத்தில் இவற்றுக்குக் கட்டணமில்லை. வயிற்றுப்போக்குக் கண்டால் உப்புச் சர்க்கரைக் கரைசலை உடனே கொடுக்கத் தொடங்கி, குழந்தை சோர்ந்தால் மருத்துவரிடம் விரையுங்கள். ரமாபாய் அம்மையாருக்கு இவை கிட்டியிருப்பின் ராஜரத்தினமும் இந்துவும் வளர்ந்து பேரன் பேத்திகளைக் கண்டிருக்கக் கூடும். கிட்டாதவருக்கு நாம் செலுத்தும் நன்றி, கிட்டியதை நழுவவிடாமையே.

எஞ்சியது நம்பிக்கை. இரண்டு வயதுக் குழந்தைக்குச் சூத்திரம் விளங்காது. எறும்பை நசுக்காதே என்று கையைப் பிடித்துத் தடுத்தால் விளங்கும். கையிலுள்ள பழத்தில் பாதியை அடுத்த வீட்டுப் பிள்ளைக்குக் கொடுக்கச் செய்தால் விளங்கும். தாயும் தந்தையும் பொய் பேசாமலும் கை நீட்டாமலும் வாழ்ந்தால் நன்றாகவே விளங்கும். அண்ணல் சொன்ன வேறொரு பண்டரிபுரம் அவ்வீடுதான். அதன் வாயிலில் எவரையும் எட்ட நிற்கச் சொல்லுவாரில்லை. திருமலைக்குப் போய்வந்த மாமியாரும் அங்கே உள்ளே வந்து அமரலாம்.

பிப்ரவரி 7ஆம் நாளிலும் மே 27ஆம் நாளிலும் நம் இல்லந்தோறும் அன்னையின் நினைவாக ஒரு விளக்கேற்றி, பசித்த பிள்ளை ஒன்றுக்குச் சோறிடுவோமாக.

எல்லா உயிர்களும் நலமுறுக!